பிணத்தைத் தாண்டி ஒரு வீடியோ கால்

ட்ர்ர்ர்ர்...

பாக்கெட்டில் செல்போன் அதிர்ந்தபோது, டாப்பர் கையில் தரை துடைக்கும் மாப்போடு பிணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்காரக் கிழவர்!

சோபாவுக்குப் பின்னால் குப்புறக் கிடந்தார். பின்மண்டையிலிருந்து ரத்தம் வழிந்து தரையில் பரவிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு வெண்கலச் சிலை.

வேறு எவனாக இருந்தாலும் அலறியிருப்பான். போலீஸைக் கூப்பிட்டிருப்பான்.

டாப்பர் போனைப் பார்த்தான்.

அம்மா. வீடியோ கால்!

பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கியதால் வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர்தான் டாப்பர். மேல்படிப்புக்காகக் கடல் தாண்டி வந்தவன். தங்கியிருப்பது ஒரு கடைக்கு அடியில், பாயோடு பாய் ஒட்டிக் கிடக்கும் ஒரு பொந்தில். வீட்டில் விட்டிருந்த கதை வேறு. கூட்டித் துடைக்க வரும் இந்தப் பங்களாவை, கிழவர் செஸ் கிளப்புக்குப் போகும் நேரம் பார்த்து, 'என் வீடு' என்று காட்டிக்கொண்டிருந்தான்.

இன்று அதை வீடியோவில் பார்க்க, ஊரில் அம்மா வீட்டுக்குப் பெண் வீட்டாரே வந்திருக்கிறார்கள். எடுக்காவிட்டால் மானம் போய்விடும்!

ஏப்ரனைக் கழற்றி எறிந்தான். தலையைக் கோதிக்கொண்டான்.

எடுத்தான்.

"என்னடா இவ்ளோ நேரம்?" என்றாள் அம்மா.

"குளிச்சிட்டிருந்தேம்மா."

"பொண்ணு வீட்டுல எல்லாரும் வந்திருக்காங்க. ஹாலைக் காட்டு."

காட்டினான்! கிழவரின் கால் தெரியாதபடி போனை உயரத் தூக்கி, தொங்குவிளக்கைக் காட்டினான். பியானோவைக் காட்டினான். திரைச்சீலையைக் காட்டுவதற்காகக் கிழவரின் கையைத் தாண்டிக்கூடப் போனான்.

"பியானோ வாசிப்பீங்களா மாப்பிள்ளை?" வருங்கால மாமனார் கேட்டார்.

"எப்பவாவது... மனசு சரியில்லைன்னா," என்று போனைத் தன் முகத்துக்குத் திருப்பினான்.

"டேய், உனக்குப் பின்னாடி யாரோ போறாங்களே... கோட்டு போட்டுக்கிட்டு?" அம்மா.

டாப்பருக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பொய் மட்டும் தங்குதடையில்லாமல் வந்தது.

"வேலைக்காரன்மா."

"வேலைக்காரன் வேறயா..." மாமனார் சொக்கிப்போனார்.

பின்கதவு மெல்லச் சாத்தப்பட்டது. கொலைகாரன் போய்விட்டான்.

டாப்பர் அதற்குப் பிறகும் சமையலறையைச் சுற்றிக் காட்டினான்!

போலீஸ் அவனை மாப்போடு பிடித்தது. தகவல் சொன்னது கிழவரின் அக்கா பையன். மாமா போனை எடுக்கவில்லை, போய்ப் பாருங்கள் என்றானாம். பின்னாலேயே வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சாம்பல் நிறக் கோட்டு போட்டிருந்தான்.

ஸ்டேஷனில் அதிகாரி அம்மாள் கேள்வி கேட்டார். அந்த ஊர் பாஷையில் பரீட்சை எழுதி மார்க்கை அள்ளியவனுக்கு வாயில் காற்றுதான் வந்தது. வேறு வழியில்லாமல் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வரவழைத்தார்கள்.

"நிலைமை சரியில்ல தம்பி. சிலையில உங்க கைரேகை இருக்கு," என்றார் அவர்.

"அதைத் துடைக்கிறதே நான்தாண்ணே. இருக்காதா? அந்தக் கோட்டுக்காரன்தான் பண்ணியிருக்கான். எங்கம்மா வீடியோ கால்ல பாத்தாங்க."

"அவன் ஆபீஸ்ல இருந்தேங்கறான். பெத்தவ சொன்னா இங்க எடுபடாது."

"எங்கப்பா எல்லா வீடியோ காலையும் ரெக்கார்ட் பண்ணி, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டுவாரு. அதுல அவன் மூஞ்சி இருக்கும்ணே."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னதும் அதிகாரி தலையாட்டினார்.

"வீடியோ வந்தா நீங்க வெளிய. வரலைன்னா கொலைக் கேஸ்ல உள்ள," என்றார் மொழிபெயர்ப்பாளர். அப்பாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"சார், உங்க பையன் வேலை பாக்கற வீட்டுல ஒரு கொலை..."

"வேலை பாக்கற வீடா? அது அவன் வீடு சார்."

"இல்ல சார். கூட்டித் துடைக்கப் போற வீடு."

"டேய், இவர் என்னடா சொல்றாரு?"

"நிஜம்தாம்ப்பா... அந்த வீடியோவ அனுப்புங்க," டாப்பர் கெஞ்சினான்.

"அதைக் கோர்ட்டுல போடுவாங்களா?"

"போடுவாங்கப்பா."

"நீ வீடு துடைக்கிறவன்னும் சொல்லுவாங்களா?"

"அது... சொல்லித்தானே ஆகணும்."

"பேப்பர்ல வரும். பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா மூஞ்சில காறித் துப்புவாங்க." அப்பாவின் குரல் இறுகியது. "அதை அழிச்சுட்டேன்."

"எப்பப்பா?"

"இப்பத்தான்."

டொக்!

டாப்பர் மேஜையில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

"பெத்த பிள்ளையவிட கௌரவம் பெருசாண்ணே? இப்படியும் ஒரு அப்பனா?"

மொழிபெயர்ப்பாளருக்கே மனசு கேட்கவில்லை. அதிகாரியிடம் ஏதோ பேசிவிட்டுத் திரும்பினார்.

"ஒரு வழி இருக்கு தம்பி. அந்தப் பொண்ணு வீட்டுக்காரங்க வீடியோ காலைப் பாத்தாங்களா? அவங்க வெளியாளுங்க. கோட்டுக்காரன் போட்டோவக் காட்டி, இவன்தான்னு ஒருத்தர் சொன்னாக்கூட உங்களுக்கு நல்லது. நம்பர் குடுங்க."

மாமனார் நம்பர் டாப்பருக்கு மனப்பாடம். சொன்னால் விடுதலை.

வாயைத் திறந்தான்.

மாமனார் முகம் கண் முன்னால் வந்தது. பக்கத்தில் அந்தப் பெண். அவர்கள் காதில் 'வீடு துடைக்கிற பையன்' என்று விழுவதை நினைத்தான். உடம்பு கூசியது.

அழுகை நின்றது.

"இல்லண்ணே... அவங்க யாரும் பாக்கல."

"நல்லா யோசிச்சுதான் சொல்றீங்களா?"

"யோசிச்சுட்டேண்ணே."

அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த பிள்ளை!

அதிகாரி எழுந்தார். கையில் விலங்கு ஏறியது. கதவுவரை போன டாப்பர் நின்று, மொழிபெயர்ப்பாளர் காதருகில் குனிந்தான்.

"அண்ணே... உள்ள தனி ரூமா, ஷேரிங்கா? அம்மா கேப்பாங்க."

"ஷேரிங்தான் தம்பி. ஆனா அட்வான்ஸ் கேக்க மாட்டாங்க."