காலி ஆணி

கதிர்வீச்சுச் சிகிச்சைப் பிரிவைப் பெரும்பாலும் தரைக்குக் கீழேதான் கட்டுவார்கள். கான்கிரீட் தடுக்காததை மண் தடுக்கட்டும் என்ற ஏற்பாடு. அதனால் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் வெயிலை வாசலில் விட்டுவிட்டுப் படியிறங்குவது எனக்குப் பழக்கம். அன்றைக்கு விட்டுவிட்டுப் போக வெயிலும் இல்லை. காலையிலிருந்து விடாத மழை. இறங்கும்போதே ஈரச் சுவரின் வாடையும் தரை துடைக்கும் மருந்தின் வாடையும் கலந்து மூக்கில் ஏறின.

என் வேலை இதுதான். கதிர்வீச்சுக்கு நடுவில் வேலை பார்ப்பவர்கள் நெஞ்சில் தீப்பெட்டி அளவில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்பார்கள். உள்ளே ஒரு துண்டு ஃபிலிம். மாதம் முடிந்ததும் அது எங்கள் ஆய்வகத்துக்கு வரும். இருட்டறையில் அதைக் கழுவி, எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்து, அந்த உடம்பு எவ்வளவு வாங்கியிருக்கிறது என்று சொல்வது நான். முக்கால்வாசிப் பேருக்கு 'ஒன்றுமில்லை' என்றுதான் எழுதுவேன். ஒன்றுமில்லை என்று சொல்லவே ஒருத்திக்குச் சம்பளமா என்று என் கணவர் கேட்பார். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த மருத்துவமனையிலிருந்து வந்த ஃபிலிம்களில் ஒன்று மட்டும் கரியாகக் கறுத்திருந்தது. சிகிச்சை எந்திரத்தை இயக்கும் டெக்னீஷியன் ஒருவனுடையது. அங்கே எல்லாரும் அவனை ஒல்லி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

இப்படி வந்தால் இரண்டில் ஒன்று. ஆள் நிஜமாகவே வாங்கியிருக்கலாம். அல்லது பேட்ஜை எந்திர அறைக்குள் மறந்து வைத்துவிட்டு வந்திருக்கலாம். எது என்று ஃபிலிமே காட்டிக்கொடுத்துவிடும். பேட்ஜுக்குள் சின்னச் சின்னத் தகடுகள் உண்டு. அவற்றின் நிழல் ஃபிலிமில் விழும். சும்மா கிடந்த பேட்ஜ் என்றால் நிழலின் ஓரம் வெட்டினாற்போல் தெளிவாக இருக்கும். ஆள் மேல் இருந்த பேட்ஜ் என்றால் ஓரம் கலங்கியிருக்கும். ஆள் என்றால் நடப்பான், திரும்புவான், மூச்சு விடுவான்.

ஒல்லியின் ஃபிலிமில் ஓரம் கலங்கியிருந்தது.

அதோடு போயிருந்தால் நான் மழையில் கிளம்பி வந்திருக்க மாட்டேன். கதிர் பேட்ஜின் பின்பக்கமாக, சட்டையோடு ஒட்டியிருக்கும் பக்கமாக வந்திருந்தது. எந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்றால் அப்படி வரும். ஆனால் அப்போது மெல்லிய கதிர்கள் உடம்பைத் தாண்ட முடியாமல் உள்ளேயே நின்றுவிடும். இந்த ஃபிலிமில் அவையும் இருந்தன. நடுவில் உடம்பே இல்லாதது போல. அல்லது கதிர் கிளம்பியதே அந்த உடம்பிலிருந்துதான் என்பது போல.

இந்த இரண்டாவதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

துறைத் தலைவர் முடிவே கட்டியிருந்தார். "லீவுக்காக பேட்ஜ உள்ள வச்சிட்டு நாடகம் ஆடறான். நீங்க எழுதிக் குடுங்க, வேலைய விட்டு அனுப்பிடறேன்" என்றார். ஒல்லியோ வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு என் மேசையிலிருந்து தள்ளியே நின்றான்.

"நான் நெஜமா வாங்கியிருக்கேனா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க மேடம்."

வீட்டில் மனைவிக்கு நிறைமாதம். விஷயம் தெரிந்ததிலிருந்து இவன் தனியாக சோபாவில் படுத்துக்கொள்கிறானாம். தட்டும் டம்ளரும்கூடத் தனி.

"எம்மேல என்ன கோவம்னு அவ அழறா. அவகிட்ட என்னன்னு சொல்றது? கொழந்த பொறந்தா நான் தூக்கலாமா மேடம்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது என்ன சளியா, காய்ச்சலா, ஒட்டிக்கறதுக்கு? கதிர் பட்டா உங்களோட சரி. உங்ககிட்டேயிருந்து இன்னொருத்தருக்குப் போகாது. தாராளமா தூக்குங்க."

தலையை ஆட்டினான். ஆனாலும் நான் நீட்டிய பேனாவைக் கையில் வாங்கவில்லை. மேசை மேல் வைக்கச் சொல்லி, அப்புறம் எடுத்தான். அப்போதுதான் இவன் பயத்தின் ஆழம் எனக்குப் புரிந்தது. அவனுடைய ரத்தத்தையும் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தோம். கதிர் பட்டிருந்தால் அது தெரிந்துவிடும், ஆனால் முடிவு வர நாளாகும். அதுவரை இவனைத் தவிக்க விட எனக்கு மனம் வரவில்லை.

வேலை முடிந்ததும் பேட்ஜை எங்கே வைப்பாய் என்று கேட்டேன். வெளி நடையில் ஒரு சுவரைக் காட்டினான். வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றின் கீழும் பெயர் ஒட்டியிருந்தது. கடைசி ஆணியின் கீழே பெயர் உரிக்கப்பட்டு, பசைக்கறை மட்டும் மிச்சம் இருந்தது.

"நான் புதுசு மேடம். இது காலியா இருந்துச்சு, இதுல மாட்டினேன்."

பக்கத்தில் மருந்துத் தட்டோடு போய்க்கொண்டிருந்த மூத்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டார். தட்டிலிருந்த பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதின.

"எந்த ஆணில தம்பி?"

"கடைசியில இருக்கறதுல அக்கா."

அவர் என்னை மட்டும் ஓரமாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "அது கடியாரத்தோட ஆணி."

கடியாரம் என்பது முன்பு அங்கே இருந்த டெக்னீஷியனுக்கு வைத்த பட்டப்பெயர். கதிருக்குப் பக்கத்தில் எவ்வளவு குறைவான நேரம் நிற்கிறோமோ அவ்வளவு நல்லது. அதனால் அந்த மனிதர் எந்திர அறைக்குள் எதற்குப் போனாலும் வாய்விட்டு எண்ணிக்கொண்டே போவாராம். கேலி செய்தால், எண்ணுகிறவன்தான் வீட்டுக்குப் போவான் என்பாராம். ஒருநாள் எந்திரம் கதிர் வரும் வாயை மூட மறுத்தது. நோயாளி உள்ளே கட்டிலில் கட்டப்பட்ட நிலையில் கிடக்க, கதிர் விழுந்துகொண்டே இருந்தது. டீ குடித்துவிட்டு அப்போதுதான் திரும்பிய கடியாரம் அப்படியே உள்ளே ஓடினார். பேட்ஜ் ஆணியிலேயே இருந்தது.

"கட்டை அவுத்து அந்தம்மாவ வெளிய தள்ளி விட்டுட்டார். சக்கரத்தக் கையால சுத்தி எந்திரத்த மூடணும்னு அவர் உள்ளயே நின்னார். நான் வெளிய நின்னு கேட்டுக்கிட்டே இருக்கேன். எண்ணிக்கிட்டே இருந்தார் மேடம். நிறுத்தவே இல்ல."

அந்த நோயாளி பிழைத்துக்கொண்டார். கடியாரத்துக்குப் பிற்பாடு ரத்தத்தில் நோய் வந்தது. வேலையால் வந்ததா என்று கேட்டபோது, பேட்ஜைப் பார்த்தார்கள். ஆணியில் தொங்கிய பேட்ஜில் என்ன இருக்கும்?

"ஒண்ணுமில்லன்னு உங்க ஆபீஸ்லேயிருந்துதான் பதில் வந்துச்சு. சாகற வரைக்கும் பாக்கறவங்ககிட்டல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார். நான் எவ்வளவு வாங்கினேன்?"

அது என் காலத்துக்கு முந்தைய பதில். ஆனாலும் என்னால் நர்ஸின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பேயை நம்புகிற ஆள் இல்லை நான். நம்பாததை நிரூபிக்கத்தான் அன்று மாலை அங்கேயே இருந்தேன். கடைசி நோயாளியும் போனபின் எந்திரத்தைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன். புது பேட்ஜ் ஒன்றை அந்த ஆணியில் மாட்டினேன். எதிரே நாற்காலி போட்டு, கதிர் அளக்கும் கருவியை மடியில் வைத்துக்கொண்டேன். பேர் எழுத வேண்டிய இடத்தில், விளையாட்டாகத்தான், கடியாரம் என்று எழுதியிருந்தேன்.

கருவி எப்போதாவது 'டிக்' என்றது. எங்கும் இருக்கிற கதிர்தான், பயமில்லை. குழாய்க்குள் மழைத் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. ஒல்லியின் மனைவியை நினைத்துக்கொண்டேன்.

டீ வாடை வந்தது.

அந்தத் தளத்தில் டீ கிடையாது. கொண்டுவரவும் விட மாட்டார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். ஆணியில் பேட்ஜ் லேசாக அசைந்தது. காற்று என்று நினைத்தேன். காற்றில் ஆடும் பொருள் பக்கவாட்டில் ஆடும். இது சுவரைவிட்டு மெல்ல முன்னால் வந்தது. கொஞ்சம் நின்றது. மெல்லப் பின்னால் போனது.

மறுபடி வந்தது.

மூச்சு.

மடியில் இருந்த கருவி, தூறல் வலுத்து மழையாவது போல, சடசடவென்று அடிக்கத் தொடங்கியது. பூட்டிய அறையின் பக்கமிருந்து, தணிந்த குரலில், அவசரமில்லாமல் கேட்டது.

"ஒண்ணு… ரெண்டு… மூணு…"

ஓடிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். ஆனால் அந்த ஃபிலிம் இல்லாமல் போனால் ஒல்லிக்கு யார் பதில் சொல்வது? கையை நீட்டி பேட்ஜைப் பிடித்து இழுத்தேன். ஆணியிலிருந்து வருவது போல வரவில்லை. ஒருவரின் சட்டையிலிருந்து பிடுங்குவது போல, துணி இழுபட்டு வந்தது. உடம்புச் சூடு இருந்தது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களின் கைக்கு ஒரு பழக்கம் உண்டு. பேட்ஜ் கையில் வந்தால் நெஞ்சுக்குத்தான் போகும். படியேறி ஓடி, மழையில் நனைந்து, பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். அதை என் கோட்டில் குத்தியிருந்தேன்.

மறுநாள் கழுவிப் பார்த்தேன். அதே கறுப்பு. அதே கலங்கிய ஓரம். அதே பின்பக்கம். சில நாளில் ஒல்லியின் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. சுத்தம். 'இந்த அளவு இவருடையது அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாருடையது என்று கேட்ட துறைத் தலைவரிடம், தெரியவில்லை என்றேன். அந்த ஆணியைப் பிடுங்கிவிடச் சொன்னேன். ஒல்லி போனில் அழுதான். நானும் கொஞ்சம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தொல்லை விட்டது என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

பிறகு ஒருநாள் நர்ஸ் போனில் கூப்பிட்டார்.

"ஆணியப் புடுங்கியாச்சு மேடம். இங்க ஒரு சத்தமும் இல்ல. ஆனா ஒண்ணு கேக்கணும். அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"எத?"

"எவ்வளவுன்னு."

அளவு மீறியவரை எதிரில் உட்கார வைத்து, எவ்வளவு என்று வாயால் சொல்ல வேண்டும். அது எங்கள் ஆபீஸ் விதி. பேட்ஜில் பேர் எழுதியதும் நான்தான், அளவு பார்த்ததும் நான்தான். இருந்தும் 'சும்மா இருங்க சிஸ்டர்' என்று சிரித்து மழுப்பிவிட்டேன்.

அன்று பிற்பகல் இருட்டறையில் இருந்தேன். ஃபிலிம் கழுவும் தண்ணீரில் எத்தனை விநாடி கிடக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. இருட்டில் கடிகாரம் தெரியாது, அதனால் வாய்விட்டு எண்ணுவேன். எண்ணிக்கொண்டிருந்தேன்.

என்னோடு சேர்ந்து இன்னொரு குரலும் எண்ணியது.

நான் நிறுத்தினேன்.

அது நிறுத்தவில்லை.

டீ வாடை என் பிடரிக்குப் பின்னால் இருந்தது. திரும்பவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எப்படியோ அந்த அளவைச் சொன்னேன். ஒரு மனிதனிடம் சொல்லக் கூடாத அளவு அது. "ரொம்பங்க. ரொம்பவே வாங்கியிருக்கீங்க. ஒண்ணுமில்லன்னு எழுதினது தப்பு" என்றும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன்.

குரல் நின்றது. போய்விட்டார் என்று நினைத்து விளக்கைப் போட்டேன். யாரும் இல்லை. பயத்தில் நான் மூச்சை இழுத்துப் பிடித்தபடிதான் நின்றிருந்தேன்.

என் நெஞ்சில் இருந்த என் சொந்த பேட்ஜ் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த பேட்ஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். ஊரார் ஃபிலிமையெல்லாம் கழுவுகிற எனக்கு, அதைக் கழுவிப் பார்க்கத் தைரியம் இல்லை. கருவியை என் மேல் வைத்துப் பார்க்கவும் இல்லை. கணவரிடம் முதுகுவலி என்று சொல்லி, தனியாகப் படுத்துக்கொள்கிறேன். என் தட்டையும் டம்ளரையும் நானே கழுவி வைக்கிறேன்.

போன வாரம் ஒல்லி விடாமல் கூப்பிட்டு வீட்டுக்கு வரவழைத்தான். பெண் குழந்தை. அப்பனைப் போலவே ஒல்லி. அவன் அதை ஒரு கையில் ஏந்திக்கொண்டு இன்னொரு கையால் எனக்கு நாற்காலி போட்ட அழகைப் பார்க்க, பட்ட பாடெல்லாம் தகும் என்று தோன்றியது. அவன் மனைவி சிரித்தாள்.

"தூக்குங்க மேடம்" என்று குழந்தையை நீட்டினான்.

நான் எட்டவே நின்றேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஒட்டிக்காதுன்னு நீங்கதான மேடம் சொன்னீங்க" என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். இந்தக் குழந்தையின் பக்கத்தில் நான் எவ்வளவு நேரம் நிற்கலாம்? எண்ணிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும் என்று நினைத்து, உதடு அசையாமல் 'ஒண்ணு' என்று ஆரம்பித்தேன்.

என் பின்னால், எனக்கு முன்பே எண்ணத் தொடங்கியிருந்த குரல் "நாலு" என்றது.