சேலையைக் கண்டால் நிற்காத பஸ்

எங்கள் ஊருக்கு வரும் டவுன் பஸ் டிரைவருக்குக் கண் நன்றாகத் தெரியும். ரோட்டோரத்தில் ஒரு வேட்டி நின்றால் அரை கிலோமீட்டருக்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார். பேண்ட் நின்றாலும் சரிதான். சேலை நின்றால் மட்டும் அவருக்குத் தெரியாது.

என் பெயர் மோகனப்பிரியா. ஆறாம் வகுப்புப் படிக்கிறேன். எனக்குக் கோபம் வந்தால் காது இரண்டும் சூடாகிவிடும். அந்த வாரம் திங்கட்கிழமை காலை சூடான காது, புதன்கிழமை வரைக்கும் ஆறவே இல்லை.

இளம்பிள்ளையிலிருந்து சேலம் போகிற சாலையில் வேப்பங்காட்டுப் பிரிவு என்று ஒரு நிறுத்தம் இருக்கிறது. தினமும் காலை எட்டு மணிக்கு அங்கேதான் நாங்கள் நிற்போம். நாங்கள் என்றால் என் அம்மா சரிதா, இரண்டாம் வகுப்புப் படிக்கிற என் தம்பி அன்பரசு, கீரை விற்கப் போகிற செல்லியம்மாள், சேலத்தில் இருக்கும் மகளின் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிற மஸ்தான் பீவி, இன்னும் நாலைந்து பெண்கள். அந்த பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நாங்கள் செய்த குற்றம் அதுதான்.

திங்கட்கிழமை பஸ் தூரத்தில் தெரிந்ததும் எல்லாரும் பையை எடுத்தார்கள். பஸ் வேகம் எடுத்தது. எங்களுக்குக் கிடைத்தது புழுதி மட்டும்தான். அடுத்த பஸ் ஒன்பதேகாலுக்கு.

அம்மா சேலம் சூரமங்கலத்தில் நைட்டி தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஒன்பது மணிக்கு மெஷினில் உட்கார்ந்துவிட வேண்டும். அன்றைக்குப் போய்ச் சேரும்போது மணி பத்து. அங்கே என்ன திட்டு வாங்கினார் என்று எங்களிடம் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை எங்களோடு ஈஸ்வர் அண்ணன் நின்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரர், மாட்டுக்கு மருந்து வாங்கக் கிளம்பியிருந்தார். வேட்டியைக் கண்டதும் பஸ் சமர்த்தாக நின்றது. அவர் ஏறினார். அவருக்குப் பின்னால் செல்லியம்மாள் ஒரு காலைத்தான் வைத்திருப்பார், கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். செல்லியம்மாள் தடுமாறிக் கீழே இறங்கினார். கூடையில் இருந்த பாதிக் கீரை ரோட்டில் விழுந்தது.

அம்மா பின்னாலேயே ஓடினார். கண்டக்டர் படியில் நின்று எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"ஓசியில போறவங்களுக்கு என்னம்மா அவசரம்? பின்னால வர வண்டியில வாங்க."

ஓசியாம். அம்மா வாங்குகிற குளியல் சோப்பில் தொடங்கி நான் வாங்குகிற ஜாமெட்ரி பாக்ஸ் வரைக்கும் எல்லாவற்றிலும் அரசாங்கத்துக்கு வரி போகிறது, அதிலிருந்துதான் பஸ் ஓடுகிறது என்று எங்கள் டீச்சர் பாடம் நடத்தியிருக்கிறார். அப்புறம் இது எப்படி ஓசி ஆகும்? இதைக் கண்டக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நல்ல பதிலெல்லாம் பஸ் போன பிறகுதான் எனக்கு வரும்.

அம்மாவை அங்கேயே விட்டுவிட்டு நானும் அன்பரசும் அதே ரோட்டில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். நடக்கும்போது அவனுக்கு நான் கதை சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கால் வலிக்கிறது என்று ரோட்டிலேயே உட்கார்ந்துவிடுவான். கதையில் வருகிற ஒவ்வொரு ஆளைப் பற்றியும் பத்துக் கேள்வி கேட்பான்.

அன்று கதை தொடங்கும் முன்பே நான் நின்றுவிட்டேன். வளைவைத் தாண்டினால் ரோட்டோரத்தில் முனியப்பன் கோயில். பெரிய மீசை, உருட்டி விழிக்கிற கண், கையில் அரிவாள். எங்கள் பக்கத்தில் லாரி, டிப்பர், போர் போடுகிற வண்டி எதுவும் அவரிடம் சொல்லிக்கொள்ளாமல் போகாது. அங்கே எங்கள் பஸ் நின்றுகொண்டிருந்தது.

டிரைவர் இறங்கிக் கற்பூரம் ஏற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். திருநீறு பூசினார். ஒரு அவசரமும் இல்லை. நான் அன்பரசின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நாங்கள் கிட்டே போவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

தினமும் அந்த பஸ் அங்கே நிற்கும் என்பது எனக்கு முன்பே தெரியும். எல்லா வண்டியும் நிற்கிற இடம் என்பதால் அதுவரை எனக்கு உறைக்கவில்லை. முனியப்பனுக்காக நிற்க நேரம் இருக்கிறது. கீரைக்கூடையைத் தூக்கிக்கொண்டு ஒரு வயதானவர் ஏறுவதற்கு நேரம் இல்லை. அதை நினைக்க நினைக்க அன்று கணக்குப் பாடத்தில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

சாயங்காலம் அம்மா அரிசி களைந்துகொண்டே விஷயத்தைச் சொன்னார். இந்த வாரம் இரண்டு நாள் தாமதமாகிவிட்டது. மூன்றாவது நாளும் தாமதமாக வந்தால் அப்படியே திரும்பிப் போய்விடலாம், அந்த மெஷினுக்கு வேறு ஆள் காத்திருக்கிறார் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

பஸ் புகார் எண்ணுக்கு அம்மா மூன்று தடவை போன் செய்திருக்கிறார். மூன்று தடவையும் நடவடிக்கை எடுப்பதாகச் சொன்னார்கள். எடுத்ததை யாரும் பார்க்கவில்லை.

"நாளைக்கு நிப்பாங்க, சாமி," என்றார் அம்மா என்னைப் பார்த்து.

ஒரு வருஷமாக, பஸ் நிற்காத நாளெல்லாம் இதையேதான் சொல்கிறார். எனக்கு அம்மா மேலும் கோபம் வந்தது. பிறகு, அவர் கை அரிசியைக் களைந்து முடித்த பிறகும் களைந்துகொண்டே இருந்ததைப் பார்த்தேன். கோபம் பழையபடி பஸ் மேலேயே போய்விட்டது.

புதன்கிழமை காலை பிரிவுக்குப் போனதும் எல்லாரிடமும் சொன்னேன். இங்கே நிற்க வேண்டாம், முனியப்பன் கோயிலில் போய் நிற்கலாம். அங்கே எப்படியும் பஸ் நின்றுதான் ஆக வேண்டும்.

செல்லியம்மாள் பயந்துபோனார். சாமியை வைத்து விளையாடக் கூடாது, குத்தமாகிவிடும் என்றார். மற்றவர்களும் தயங்கினார்கள். மஸ்தான் பீவிதான் முதலில் பையைத் தூக்கித் தோளில் மாட்டினார்.

"நாயம் கேக்கறதுக்குத்தான சாமிகிட்டப் போறோம். இதுல என்ன வெளையாட்டு? நான் வாரேன், நட கண்ணு."

எல்லாரும் நடந்தோம். கோயிலில் எல்லாரும் கும்பிட்டார்கள். மஸ்தான் பீவி ஓரமாக நின்று தன் வழக்கப்படி வேண்டிக்கொண்டார். நானும் கும்பிட்டேன். எங்கள் அம்மாவுக்கு இன்றைக்குத் தாமதமாகக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கொஞ்சம் அதட்டலாகவே வேண்டிக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

பஸ் வந்தது. பிரிவில் யாரும் இல்லாததைப் பார்த்து டிரைவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வழக்கம்போல நிறுத்திவிட்டு, கற்பூரத்தை எடுத்துக்கொண்டு இறங்கினார். நிமிர்ந்து பார்த்தால் முனியப்பனுக்கு முன்னால் நாங்கள்.

பெண்கள் படியை நோக்கிப் போனார்கள். கண்டக்டர் குறுக்கே கையை நீட்டினார்.

"இது ஸ்டாப்பிங் இல்லை. ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல ஏத்த முடியாது."

நிறுத்தத்தில் நிற்க மாட்டார்களாம். நிற்கிற இடம் நிறுத்தம் இல்லையாம். என் காதில் அப்போது தோசை ஊற்றியிருக்கலாம்.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் கத்தினால் 'வாயாடிப் புள்ளை' என்று சொல்லி விசில் ஊதிவிடுவார்கள். அம்மா மறுபடியும் புழுதியில் நிற்பார். அதனால் நான் டிரைவர் பக்கமே திரும்பவில்லை. தம்பியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டேன்.

"அன்பு, கதை கேக்கறியா?"

எந்த நேரத்தில் கேட்டாலும் அவன் வேண்டாம் என்று சொல்ல மாட்டான். நான் தொடங்கினேன்.

ஒரு ஊரில் ஒரு முனியப்பன் இருந்தார். ராத்திரி பகலாக உட்கார்ந்தே இருந்ததில் அவருக்குக் கால் மரத்துப்போனது. ஒரு நாள் சேலம் வரைக்கும் போய்வரலாம் என்று நினைத்தார். மீசையும் அரிவாளுமாகப் போனால் ஜனங்கள் பயப்படுவார்களே. அதனால் ஒரு பழைய சேலையைக் கட்டிக்கொண்டார். தலையில் கீரைக்கூடையை வைத்துக்கொண்டார். வேப்பங்காட்டுப் பிரிவுக்குப் போய் வெயிலில் நின்றார். தினமும் தனக்குக் கற்பூரம் ஏற்றுகிற டிரைவர் ஓட்டுகிற பஸ் தூரத்தில் வந்தது. முனியப்பன் கையைக் காட்டினார்.

அங்கே நான் கதையை நிறுத்திக்கொண்டேன்.

"பஸ் நின்னுச்சா அக்கா?" என்றான் அன்பரசு.

"எனக்குத் தெரியாது. அந்த டிரைவர் அண்ணன்கிட்டயே கேளு."

அன்பரசுக்குக் கேள்வி கேட்கத் தெரியுமே தவிர, யாரிடம் கேட்கக் கூடாது என்று தெரியாது. நேராகப் போய் டிரைவர் முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தான்.

"ஏனுங்கண்ணா, நின்னீங்களா?"

பஸ் ஜன்னல்களில் இருந்த தலைகள் எல்லாம் டிரைவரைப் பார்த்தன. யாரோ சிரித்தார்கள். அப்புறம் அந்தச் சிரிப்பும் நின்றுவிட்டது. டிரைவர் கற்பூரத்தைப் பற்றவைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"டைம் ஆயிருது பாப்பா," என்றார் என்னைப் பார்த்து. "லேட்டாப் போனா எனக்கு மெமோ குடுப்பாங்க."

இந்தத் தடவை பதில் பஸ் போவதற்கு முன்பே வந்தது.

"உங்களுக்கு மெமோதானுங்க. எங்கம்மாவுக்கு இன்னைக்கு லேட்டானா வேலையே போயிருமுங்க."

அவர் அம்மாவைப் பார்த்தார். ஒரு வருஷமாக அதே ரோட்டில் நிற்கிற அம்மாவை அவர் அன்றுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். அம்மா தலையைக் குனியவில்லை.

"ஏறுங்கம்மா," என்றார் டிரைவர்.

கண்டக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தான் பார்த்துக்கொள்வதாக டிரைவர் சொல்லிவிட்டார். கீரைக்கூடையை உள்ளே இருந்த ஒருவர் ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டார். எல்லாரும் ஏறினார்கள். நான் மட்டும் கீழேயே நின்றேன். எனக்கு இன்னும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது.

"நாளைக்கு நாங்க இங்க வர மாட்டோமுங்க. பிரிவுலதான் நிப்போம்."

சொல்லிவிட்டு நானும் ஏறினேன். டிரைவர் அவசரமாகக் கற்பூரத்தை ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அன்று அம்மா ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே கம்பெனி வாசலில் இருந்தார்.

வியாழக்கிழமை பிரிவில் பெயருக்கு ஒரு ஆம்பிளை கூட இல்லை. முனியப்பன் கோயிலுக்கே போய்விடலாமா என்று செல்லியம்மாள் இரண்டு தடவை கேட்டார். நான் அசையவில்லை. நிறுத்தம் இதுதான்.

பஸ் தூரத்தில் தெரிந்தது. அன்பரசு கூட ஒன்றும் கேட்கவில்லை. பஸ் வேகம் குறைந்து, நிறுத்தத்துக்கு நேராக வந்து நின்றது. விசில் சத்தம் வரவில்லை. டிரைவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா பழக்கத்தில் இரண்டு எட்டு ஓடினார். பிறகு நின்று, சேலையைச் சரிசெய்துகொண்டு, நடந்துபோய் ஏறினார்.