கண்டாக்குப் பூனை செத்துக் கிடந்தது!

"ஐயய்யோ...! ஓடியாங்களே...! இங்க வந்து பாருங்களே...!"

அலறல் தேயிலை மலையிலிருந்து உருண்டு வந்து தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் தகரக் கூரைகளில் மோதியது.

நல்லதண்ணி ஊருக்கு மேலே, நாகமலைத் தேயிலைத் தோட்டம். காலைப் பெரட்டில் பேர் பதிந்து முடிந்து, பெண்கள் கூடைகளோடு அப்போதுதான் கொழுந்துக்கு ஏறியிருந்தார்கள்.

லோஜினி தூரிகையைப் போட்டுவிட்டு ஓடினாள். செருப்புப் போட மறந்துவிட்டாள். ஈரமண் வழுக்கியது. விழுந்தாள்... எழுந்தாள்... மறுபடி ஓடினாள்.

மேலே பெண்கள் கூட்டமாய் நின்றார்கள். நடுவில் மீனம்மா தலையில் அடித்துக் கொண்டிருந்தாள்.

"என்னக்கா? யாருக்கு என்ன ஆச்சு?"

மீனம்மா விரலை மட்டும் நீட்டினாள்.

லோஜினி பார்த்தாள்.

தேயிலை நிரைகளுக்கு நடுவே ஒரு பூனை மல்லாந்து கிடந்தது.

மனித உடம்புள்ள பூனை!

கொழுந்து பறிப்பவர்களிடம் வேலை வாங்கும் கண்டாக்குமார் போடுகிற காக்கிக் கால்சட்டை. கழுத்து வரை பூட்டிய ஜாக்கெட். தொண்டையைச் சுற்றிக் கம்பளித் துண்டு. கைகளில் கார்ட்டூன் பூனைகள் போடுகிற வெள்ளைக் கையுறை. முகத்தில், காது முதல் காது வரை இளிக்கிற முகமூடி. இடது கை நெஞ்சின்மேல்... அதில் ஒரு பிடி கொழுந்து.

அந்தக் காகித முகமூடி அவள் ஒட்டிச் செய்தது. அதுமட்டுமா? அந்தக் காட்சியே அவள் வரைந்தது!

"கண்டாக்கையா கந்தப்பன்தான் புள்ள..." மீனம்மா முணுமுணுத்தாள். "அந்த பூட்ஸ பாத்தா தெரியாதா? மூச்சில்ல... நான் தொட்டுப் பாத்தேன்..."

லோஜினியின் மனசுக்குள் முதலில் எழுந்தது பயமில்லை. சந்தோஷம்! ஒரே ஒரு நொடி. அடுத்த நொடி அவளுக்கே தன்மேல் வெறுப்பு வந்தது.

பெண்கள் மெல்ல விலகினார்கள். பிணத்தை விட்டல்ல... அவளை விட்டு!

* * *

"இந்தப் படத்த வரைஞ்சது நீங்கதானே?"

இன்ஸ்பெக்டர் நிஷாந்தி, பூனைப் படம் அச்சிட்ட கண்காட்சி அழைப்பிதழை ஸ்டேஷன் மேசையில் போட்டாள். முப்பத்தைந்து வயசிருக்கும். சிரிக்காத முகம். கூர்மையான கண்கள்.

"ஆமா மேடம்."

"உலகத்துல உள்ள பிள்ளைங்க எல்லாம் டிவியில பாத்துச் சிரிக்கிற பூனை. அதுக்குக் கண்டாக்கு உடுப்பு மாட்டி, தேயிலைக்குள்ள சாகடிச்சிருக்கீங்க."

"நான் அப்படித்தான் வரையிறது மேடம். அந்தக் கார்ட்டூன் வாத்து என் படத்துல கூடை கட்டும். கரடி தொரையா வரும். முயல்..."

"முயல்?"

லோஜினி தலையைக் குனிந்தாள்.

"முயல் கொழும்புல ஒரு பெரிய வீட்டுல தரை தொடைக்கும்."

"அந்த முயல் உங்க அக்கா பூரணி. சரியா?"

லோஜினி நிமிர்ந்தாள்.

"விசாரிச்சிட்டீங்க போல. அக்காவ வேலைக்குக் கூட்டிட்டுப் போனது இந்தக் கந்தப்பன்தான் மேடம். பதினாறு வயசு. நல்ல வீடு, நல்ல சாப்பாடுன்னு சொன்னாரு. பெட்டியிலதான் திரும்பி வந்தா. மாடியில இருந்து விழுந்துட்டாளாம்! பெட்டியத் திறக்கவே விடல. எங்கம்மா இன்னமும் அது அக்காதானான்னு கேட்டுக்கிட்டிருக்கு..."

"அதனால கொன்னுட்டீங்க!"

"இல்ல!"

"போன வாரம் ஒரு பேட்டியில சொன்னீங்களே... 'அந்த ஆள நான் படத்துலயாவது கொன்னுட்டேன்'னு. நாடே கேட்டுச்சு. இப்ப பிணத்தோட போட்டோவ நாடே பாக்குது. முகமூடி உங்களுது. கையுறை உங்களுது. வச்சிருந்த அறையோட சாவி உங்ககிட்ட. கோர்ட்டுல நீதவான்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

மேசையிலிருந்த லோஜினியின் போன் அலறியது. திரையில், 'ஜூலியன் அண்ணா.'

"யாரு?"

"கண்காட்சி நடத்துறவரு மேடம். ஹட்டன்ல, நாளைக்கு..."

"ஸ்பீக்கர்ல போடுங்க!"

போட்டாள்.

"லோஜி! எங்க இருக்கே? உன் பேரு எங்க போயிருக்குன்னு தெரியுமா? லண்டன்ல இருந்து கேக்குறாங்க! அந்தப் பூனைப் படத்த எல்லாருக்கும் பாக்கணுமாம்! நாளைக்குக் கட்டாயம் நடத்துறோம், வெளங்குதா?"

"அண்ணா... ஒரு மனுசன் செத்துக் கிடக்காரு..."

"நல்லவனா செத்தான்? உங்கக்காவ நெனச்சுப் பாரு! பொலிஸ் கேட்டா வாயத் தொறக்காத. லோயர் நான் பாக்குறேன்."

வைத்துவிட்டான்.

நிஷாந்தி தன் போனில் பிணத்தின் போட்டோவைத் திறந்து, அழைப்பிதழுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"நல்லாப் பாருங்க. கத்துக்குட்டி செஞ்ச வேலையா இது? அச்சு அசலா உங்க படம்!"

லோஜினி பார்த்தாள். ஓவியக்காரியின் கண் அது. தானாகவே அளந்தது. தோள்... தலை... மடங்கிய முழங்கால்... கை...

கை!

"மேடம்... இது என் படம்தான். ஆனா அழைப்பிதழ்ல இருக்கிற படம் இல்ல!"

"வெளங்கலயே."

"அழைப்பிதழப் பாருங்க. கொழுந்து வலது கையில இருக்கு. அச்சகத்துல படத்த இடம் வலமா மாத்திப் போட்டுட்டாங்க. பேப்பர்லயும் அதத்தான் போட்டாங்க. நானே நேத்துத்தான் கவனிச்சேன். யாருகிட்டயும் சொல்லல."

நிஷாந்தியின் விரல் போட்டோவுக்குத் தாவியது.

"பிணத்துக்கு இடது கையில..."

"நான் வரைஞ்ச அசல் படத்துலயும் இடது கைதான் மேடம்!"

"அசல யாரு யாரு பாத்திருக்காங்க?"

"நான்... அப்புறம்..." லோஜினி மேசையிலிருந்த தன் போனைப் பார்த்தாள். "கட்டி எடுத்துட்டுப் போன ஜூலியன் அண்ணா."

"அந்த அறைச் சாவி?"

"அவருகிட்டயும் ஒண்ணு இருக்கு."

இப்போது நிஷாந்தியின் போன் அடித்தது. ஆஸ்பத்திரி!

"சொல்லுங்க டொக்டர்... முகமூடியக் கழட்டியாச்சா? என்ன...? நல்லாப் பாத்தீங்களா...? சரி."

வைத்தாள்.

"குளவி!"

"என்னது மேடம்?"

"முகம், கழுத்து, கை எல்லாம் குளவி கொட்டி வீங்கியிருக்காம். மலையில மரத்துல பெரிய கூடு இருந்திருக்கு. மனுசன் தனியாப் போய் மாட்டிக்கிட்டாரு."

லோஜினிக்கு அழுகை பீறிட்டது. குளவி! தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அதைப் பற்றி யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அப்ப... யாரும் கொல்லலயா? நான் வீட்டுக்குப் போகலாமா?"

"போகலாம். கையப் பத்தின விசயத்த மட்டும் யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. நாளைக்குக் கண்காட்சி நடக்கட்டும்... நானும் படம் பாக்க வாறேன்!"

* * *

ஹட்டன் மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை.

கூடை கட்டிய வாத்துக்கு முன்னால் நின்றவர்கள் கொஞ்சம் பேர். தரை துடைக்கும் முயலைக் கடந்து போனவர்கள் நிறையப் பேர். மற்ற எல்லோரும் பூனைக்கு முன்னால் முண்டியடித்தார்கள். போனை உயர்த்திப் பிடித்துக் கொண்டு!

லோஜினி மூலையில் ஒதுங்கி நின்றாள். அக்காவைப் பார்க்க ஒருத்தரும் நிற்கவில்லையே என்று நெஞ்சு எரிந்தது.

"என்ன லோஜி, மூஞ்சத் தூக்கி வச்சிருக்கே?" ஜூலியன் வந்தான். புது கோட். பளபளக்கும் முகம். "வெற்றி! பெரிய வெற்றி!"

"வாழ்த்துக்கள்!"

குரல் பின்னாலிருந்து வந்தது. நிஷாந்தி! சீருடையில்.

ஜூலியனின் சிரிப்பு ஒரு கணம் தடுமாறியது. பிறகு சமாளித்துக் கொண்டான்.

"வாங்க மேடம்! குளவின்னு டொக்டர் சொல்லிட்டாராமே? பாவம் எங்க லோஜி, வீணாப் பயந்துட்டா."

"ஆமா. கொலை இல்லன்னா எனக்கும் நிம்மதிதானே?" நிஷாந்தி லோஜினியைப் பார்த்தாள். "நீங்க ஏதோ கேக்கணும்னு சொன்னீங்களே?"

லோஜினி முன்னால் வந்தாள். குரல் நடுங்கவில்லை.

"ஜூலியன் அண்ணா... அழைப்பிதழ்ல பூனை எந்தக் கையில கொழுந்து வச்சிருக்கு?"

"இது என்ன கேள்வி? இடது கையில!"

"எடுத்துப் பாருங்க."

கோட்டுப் பையிலிருந்து எடுத்தான். பார்த்தான். முகத்தின் பளபளப்பு வடிந்தது.

"இது... மாறி அடிச்சிருக்கானுங்க..."

"பிணத்துக்கு மாறல அண்ணா. அசல் மாதிரியே இருந்திச்சு. அசலப் பாத்தது நீங்களும் நானும்தான். நான் செய்யல!"

ஜூலியன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு... சிரித்தான்!

"சரி. ஒத்துக்கிறேன்! முகமூடி போட்டது நான்தான். அதுல என்ன பெரிய குத்தம் மேடம்? போஸ்டருக்காக, அந்த முகமூடியையும் கையுறையையும் தேயிலைச் செடிமேல வச்சு எடுப்போம்னு விடியக்காலையில போனேன். பாத்தா இந்த ஆளு கிடக்கான். மூஞ்செல்லாம் வீங்கி... செத்துட்டான். கடவுளே கொண்டாந்து குடுத்த மாதிரி இருந்திச்சு! மாட்டினேன். கைய மடக்கினேன். கொழுந்த வச்சேன். போட்டோ எடுத்தேன். இன்டர்நெட்ல வேற பேருல போட்டுவிட்டேன். எப்படியும் குளவின்னு வெளிய வந்திரும்னு தெரியும். லோஜிக்கு ஒரு நாள் கஷ்டம்... ஆனா ஊரே இங்க வந்து நிக்குது பாருங்க!"

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?" லோஜினி கத்தினாள். கூட்டம் திரும்பியது. "எங்கக்காவோட கதைய... இப்படி வேடிக்கையாக்கிட்டீங்களே!"

நிஷாந்தி கை காட்டி அவளை நிறுத்தினாள்.

"ஜூலியன், நீங்க பாத்தப்ப அவரு செத்திருந்தாரா?"

"ஆமா மேடம். அசைவே இல்ல."

"நாடி பிடிச்சுப் பாத்தீங்களா?"

ஜூலியன் கோட்டுப் பொத்தானைத் திருகினான்.

"முகமூடி கழண்டு விழாம எப்படி நின்னுச்சு?"

"பின்னால டேப் சுத்தினேன்... நல்லா இறுக்கி..."

"லோஜினி, அந்த முகமூடியில மூக்குக்கு ஓட்டை உண்டா?"

லோஜினி ஜூலியனைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்ல மேடம். அது... சுவத்துல மாட்டுறதுக்காகச் செஞ்சது. கண்ணு, வாய் எல்லாமே பெயின்ட்தான். ஓட்டையே கிடையாது."

நிஷாந்தியின் குரல் தணிந்தது. தணிந்ததால் இன்னும் பயங்கரமாக இருந்தது.

"இன்னைக்கு முழு ரிப்போர்ட் வந்திச்சு. குளவி கொட்டி மயங்கித்தான் கிடந்திருக்காரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா பிழைச்சிருப்பாருன்னு டொக்டர் சொல்றாரு. தொண்டைக்குள்ள காகிதம் இருந்திச்சு ஜூலியன். பல்லுல பசை. நாக்குல பெயின்ட். மூச்சு கிடைக்காம, கையத் தூக்கவும் தெம்பில்லாம, முகமூடிய உள்ளுக்குள்ள இருந்து கடிச்சிருக்காரு!"

அழைப்பிதழ் ஜூலியனின் கையிலிருந்து நழுவியது.

"இல்ல... இல்ல மேடம்... செத்தவன்..."

"செத்தவன் கடிக்க மாட்டான்!"

லோஜினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாழ்நாளெல்லாம் சாகணும் என்று சபித்த மனுசன். அந்த மனுசன், அவள் ஒட்டிய காகிதத்தைக் கடித்துக் கொண்டு, ஒரு வாய் காற்றுக்காகத் தவித்திருக்கிறான்... நான் அந்த வழியாகப் போயிருந்தால் தூக்கியிருப்பேனா? கூப்பிட்டு ஆள் சேர்த்திருப்பேனா?

பதில் தெரியவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. முகத்தை மூடிக் கொண்டு அழுதாள். பூரணி பெட்டியில் வந்த அன்றைக்குக்கூட அவள் இப்படி அழுததில்லை.

பிறகு எழுந்தாள். கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக் கொண்டு போய், பூனைப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தரையில் குப்புறக் கவிழ்த்தாள்.

"போங்க. எல்லாரும் போங்க!"

உயர்ந்திருந்த போன்கள் ஒவ்வொன்றாய் இறங்கின.

இரண்டு கான்ஸ்டபிள்கள் ஜூலியனின் தோளைப் பிடித்தார்கள்.

"மேடம்! நான் கொலைகாரன் இல்ல! ஒரு போட்டோவுக்காகத்தான்... சத்தியமா ஒரே ஒரு போட்டோவுக்காகத்தான் மேடம்!"

"கவலைப்படாதீங்க ஜூலியன்," என்றாள் நிஷாந்தி, கைவிலங்கைப் பூட்டிக் கொண்டே. "ஸ்டேஷன்லயும் போட்டோ எடுப்போம். முன்னுக்கு ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. ஆனா இந்தத் தடவை போஸ் நீங்கதான் குடுக்கணும்!"