சனிக்கிழமை எண்ணெய்

அனில் கடைக்குள் வந்ததும் திரும்பி நின்று தன் வேட்டியின் பின்பக்கத்தைக் காட்டினார். வெள்ளை வேட்டியில் கன்னங்கரேலென்று இரண்டு பெரிய திட்டு!

ஜிஷாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"நிச்சயதார்த்த வீட்டில பந்தி முழுக்கச் சிரிச்சாங்க, ராஜையண்ணே! இது எந்து பணி, என்ன வேலை இது? சாயமா, அடுப்புக்கரியா?"

ஜிஷாவின் அப்பா ராஜையன், பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் பக்கத்துச் சந்தில் பைக்குகளுக்கு சீட் வேலை செய்கிறவர். கிழிந்ததைத் தைப்பார். வெளுத்ததற்குச் சாயம் ஏற்றுவார். பதினாறு வருஷத்தில் அவர் சாயம் போட்ட ஒரு சீட்கூடத் திரும்பி வந்ததில்லை.

இப்போது வந்துவிட்டது. அதுவும் எந்த வண்டி? யோசுவா மாமாவின் வண்டி.

யோசுவா மாமா, ஜிஷாவோடு ஆறாம் வகுப்பில் படிக்கும் விஜினின் அப்பா. அவர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. வண்டி முற்றத்து வெயிலிலேயே நின்று, கறுப்பாயிருந்த சீட் சாம்பல் நிறமாகிவிட்டது. போன வாரம் விஜினின் அம்மா செல்லபாய் தம்பி அனிலோடு வந்து, "அவரு இருக்கும்போ எப்படி இருந்ததோ, அப்படி ஆக்கித் தாங்க அண்ணே" என்று சொன்னார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது.

அதனால் அப்பா அந்த சீட்டைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தார். சோப்பு நீரில் கழுவினார். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தார். மெல்லிசாக மூன்று தடவை சாயம் ஏற்றினார். வெள்ளிக்கிழமை கொடுக்கும்போது, "செவ்வாய் வரை யாரும் உட்காரப்படாது, மேலே ஒண்ணும் படவும் படாது" என்று இரண்டு தடவை சொல்லியும் அனுப்பினார்.

"நான் புதன்கிழமைதான் உட்கார்ந்தேன்" என்றார் அனில். "கர்த்தர் சாட்சி!"

"வச்சிட்டுப் போங்க. இன்னொருக்கா போட்டுத் தாரேன்" என்றார் அப்பா. அனில் போனபின் கடைப் பலகையை நிமிர்ந்து பார்த்தார். 'சீட்டுக்கு நிறம் ஏற்றப்படும்' என்ற வரி அதில் இருந்தது. "இதுவும் போச்சின்னா அந்த வரிய அழிச்சிர வேண்டியதுதான், மக்கா. ஒரு சாவு வீட்டுக்காரங்க நம்பித் தந்தது. அதையே கெடுத்துட்டேனே."

அப்பா இப்படிப் பேசி ஜிஷா கேட்டதே இல்லை.

அப்பா தேநீர் குடிக்கப் போனதும் அவள் சீட்டின் அருகே குனிந்தாள். தேங்காய் மணம். அந்தச் சந்தில் அது அதிசயமா என்ன? பிள்ளையாருக்கு விடிந்தது முதல் தேங்காய் உடைத்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் உடைத்த தேங்காயின் மணம் வேறு, தலைக்கு வைக்கிற எண்ணெயின் மணம் வேறு. இது எண்ணெய்!

அப்பாவுக்கு இது தெரிய வழியில்லை. பசையும் ஸ்பிரிட்டும் முகர்ந்து முகர்ந்து அவர் மூக்கு என்றோ செத்துவிட்டது. வீட்டில் மீன் தீய்ந்தால்கூட ஜிஷாதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் இடைவேளையில் விஜினைத் தனியே கூப்பிட்டாள்.

"சீட்டில எண்ணெய் தேய்ச்சது யாரு?"

விஜின் செருப்பால் மண்ணைக் கிளறினான்.

"அப்பா சனிக்கிழமை தோறும் தலைக்கு எண்ணெய் வைப்பாரு" என்றான் கடைசியில். "கையில உள்ள மிச்சத்தை சீட்டில தேய்ப்பாரு. 'அவனுக்கும் குளிர்ச்சி வேணும்லா'ன்னு சொல்லுவாரு. இப்போ நான் தேய்க்கேன். அம்மா பார்க்காம."

"சாயம் காயுமுன்னே தேய்ச்சிட்டியே!"

"சனிக்கிழமை ஆச்சே." அவன் கண் நிறைந்தது. "சொல்லாதே ஜிஷா. அனில் மாமா என்னை ஏசினா ஏசட்டும், அம்மாவுக்குத் தெரியப்படாது. அப்பாவோட எண்ணெய்க் குப்பியை அம்மா அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டிட்டா. அந்த மணம் வந்தா அழுவா. நான் கடையில வேற வாங்கி ஒளிச்சு வச்சிருக்கேன்."

ஜிஷாவுக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. சொன்னால் இவன் அம்மா அழுவார். சொல்லாவிட்டால் அப்பா பலகையை அழிப்பார். நல்ல கூத்து!

மாலையில் கடைக்கு வந்தபோது அப்பா சீட்டைக் கவிழ்த்துப் போட்டிருந்தார். அடிப்பக்கத் தகரத்தில் அங்கங்கே துரு. துருவைச் சுரண்டிவிட்டு, ஒரு துணியில் எண்ணெய் தொட்டு அதன்மேல் பூசிக்கொண்டிருந்தார்.

"அப்பா, எண்ணெய் எதுக்கு?"

"மேலே உள்ள ரெக்சினுக்கு எண்ணெய் பகை மக்கா, தகரத்துக்கு உறவு. இனி துரு பிடிக்காது."

ஜிஷா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. விஜின் வீட்டுக்கு ஓடினாள்.

இந்த முறை அப்பா சீட்டைக் கடை நிழலிலேயே காயவைத்தார். அடுத்த வாரம் சனிக்கிழமை காலையில் அனில், செல்லபாய், விஜின் மூன்று பேரும் வந்தார்கள். சீட் மை போலக் கறுத்திருந்தது. அனில் கைக்குட்டையால் அழுத்தி அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். ஒரு பொட்டுக் கறுப்புகூட ஒட்டவில்லை.

"இப்ப சரியாச்சு. அன்னைக்கே இப்படிச் செய்திருந்தா..."

"மாமா, அன்னைக்குக் கெடுத்தது நான்." விஜின் எல்லாவற்றையும் சொன்னான். சட்டைப் பையிலிருந்து சின்னக் குப்பியை எடுத்துக் காட்டினான். "இனி மேலே தேய்க்க மாட்டேன். அடியில தகரத்தில தேய்க்கலாம்னு ஜிஷா சொன்னா."

அப்பா ஜிஷாவைப் பார்த்தார். அனில் தலையைக் குனிந்துகொண்டார்.

"க்ஷமிக்கணும் ராஜையண்ணே. நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

"விடுங்க. உங்க வேட்டிதான் பாவம்" என்றார் அப்பா. பலகையை இனி யாரும் அழிக்கப் போவதில்லை என்று ஜிஷாவுக்குப் புரிந்தது.

செல்லபாய் மகன் கையிலிருந்த குப்பியை வாங்கினார். மூடியைத் திறந்தார். மணம் வந்தது. அவர் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டியது. ஐயோ, தூக்கி எறிந்துவிடுவாரோ என்று ஜிஷா பயந்தாள்.

எறியவில்லை. உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, விஜினின் தலையில் வைத்துப் பரபரவென்று தேய்த்தார். எட்டு மாதமாக எண்ணெய் காணாத தலை அது.

"முதல்ல தலைக்கு" என்றார். "அப்பா மிச்சத்தைத்தானே வண்டிக்குத் தேய்ப்பாரு?"

ராஜையன் சீட்டைக் கவிழ்த்துப் பிடித்தார். செல்லபாய் மகனின் கையைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் இருந்த மிச்சத்தை அதில் வழித்துவிட்டார். விஜின் அந்தக் கையால் தகரத்தில் மெல்லத் தேய்த்தான்.