சார் சொன்ன குறைகள்

திரையில் வந்த பேயின் காலில் கான்வாஸ் ஷூ இல்லை.

போன சனிக்கிழமை இருந்தது. அந்த ஷூவுக்காகத்தான் மாணிக்கராஜ் சார், சினிமா வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, படம் எடுத்த ராஜப்பாவை வறுத்தெடுத்தார்.

"இன்னாப்பா இது? சுரங்கத்துல செத்தவன் பேயா வீட்டுக்கு வரான்னு எழுதிக்கினு, அவனுக்கு டென்னிஸ் ஷூ மாட்டியிருக்க. மூஞ்சில மைதா மாவு. நிழல் வேற செவுத்துல ஆள் உசரத்துக்கு விழுது."

படத்தில் தேறியது ஒன்றே ஒன்றாம். விதவையாக நடித்த ராஜப்பாவின் அம்மா. "அந்தம்மா பயப்படுறது மட்டும் நெஜம்" என்றார்.

ஆறு நிமிடப் படத்துக்கு ஆறு மாதம் நாயாய் அலைந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும்? ராபர்ட்சன்பேட்டை ஸ்டுடியோக்காரரிடம் கெஞ்சிக் கேமரா வாங்கி, சுருளைக் கழுவ பம்பாய்க்கு அனுப்பி, தினமும் தபால்காரரை வழிமறித்து எடுத்த படம். எல்லாவற்றையும்விட அம்மா ரத்தினம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான் பெரும்பாடு.

"உங்க நைனா கீழ எறங்கியிருக்கச்சொல்ல நான் பொட்டை அழிச்சிக்கினு குந்தணுமா? நீயெல்லாம் ஒரு புள்ளையாடா?" என்று அழுதாள்.

மூன்று நாள் சோறு தின்னாமல் கிடந்து சாதித்தான். அப்பா தங்கவேலு சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக்குள் ஷிப்டில் இருந்த ஒரு மதியம், வெள்ளைச் சேலையும் வெறும் நெற்றியுமாக அவள் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். அது நடிப்பில்லை என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்தான்.

இன்றும் அதே சுருள்தான். வேறு பிரதி கிடையாது. வாரம் முழுக்க அவன் பெட்டியில் பூட்டிக் கிடந்தது. ஆனால் பேய் இப்போது சுரங்க பூட்ஸ் போட்டிருந்தது. அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. மாவு பூசிய முகம் ஹெல்மெட் இருட்டுக்குள் போய்விட்டது. சுவரில் அம்மாவின் நிழல் மட்டும் விழுந்தது.

"திருப்பி எடுத்துட்டியா? சபாஷ்" என்றார் சார்.

"நான் ஒண்ணும் பண்ணல சார்."

"அடக்கம்லாம் வேணாம்ப்பா. இன்னும் ஒரே குறைதான். கடசி வரைக்கும் மூஞ்சி தெரியல. அது மட்டும் தெரிஞ்சா பெங்களூர் போட்டியில பரிசு நமக்குத்தான்."

ராஜப்பாவுக்கு எரிச்சல் மண்டையைப் பிளந்தது. தான் செய்ததற்கெல்லாம் திட்டு, செய்யாததற்குப் பாராட்டு. பேயாக நடித்த கோவிந்தனை வெளியே இழுத்துப் போய்ச் சட்டையைப் பிடித்தான்.

"எனக்கு இன்னாடா தெரியும்?" என்றான் கோவிந்தன். அவன் முகம் வெளுத்திருந்தது. "அது நான் இல்ல. நான் எங்கடா எடது காலை இழுத்து நடந்தேன்?"

இடது காலை இழுத்து நடப்பவர் தங்கவேலு. பாறை விழுந்து நொறுங்கிய கால்.

அன்றே சுருளைக் கொளுத்தியிருக்கலாம். கொளுத்தவில்லை. போட்டிக்கு அனுப்ப இன்னும் ஐந்து நாள் இருந்தது. அந்த முகமும் தெரிந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு கணம் ஆசைப்பட்டும் விட்டான். அந்த ஆசைக்காகத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அனுப்ப வேண்டிய நாளுக்கு முந்தின மதியம், அப்பா இரண்டு மணி ஷிப்டுக்குப் போன பிறகு, ஸ்டுடியோக்காரரின் புரொஜெக்டரை வீட்டுக்கே கொண்டுவந்தான். ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைத்தான். ஒற்றை அறை வீட்டின் ஜன்னலில் கம்பளியைக் கட்டியதும், அதன் ஈர ஆட்டு வாடையும் சூடேறிய பல்பின் கருகல் வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையை அடைக்க, தகரக் கூரையில் காற்று கொண்டுவந்து கொட்டிய, தங்கம் பிரித்த கழிவான சயனைடு மேட்டு மணல் யாரோ மேலே தவழ்வதுபோல் ஓயாமல் சரசரத்தது. அம்மா இதுவரை படத்தைப் பார்த்ததில்லை. சுவரோரம் குந்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

படத்தில் கதவு திறந்தது.

அது உள்ளே வந்தது. முதுகைக் காட்டி நின்றது. சொட்டும் தண்ணீர். இழுபடும் கால். படத்துக்குச் சத்தம் கிடையாது, ஆனாலும் பூட்ஸ் தரையில் உரசுவது கேட்டது.

"இந்த நடை..." என்றாள் அம்மா.

தரைக்கு அடியில் எங்கோ பாறை வெடித்து உறுமியது. ஊருக்குப் பழகிய உறுமல்தான். எப்போதும் ஒரு மூச்சில் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. அலமாரிப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அடுக்குக் குவளை உருண்டு விழுந்தது.

சுவரில் அது இவர்கள் பக்கம் திரும்ப ஆரம்பித்தது.

தோள். காது. தாடை.

வேண்டாம். குறையோடேயே இருக்கட்டும். பரிசு வேண்டாம். ராஜப்பா பாய்ந்து லென்ஸுக்கு முன்னால் கையை வைத்தான். சுவர் இருண்டது.

"ஏன்டா மறைக்கிற?" அம்மாவின் குரல் மிக அமைதியாக இருந்தது. "கைய எடு. அவுரு மூஞ்சிய நான் பாக்கணும்."

எடுக்க முடியவில்லை. உள்ளங்கை சுட்டது. பிறகு நனைந்தது. விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது.

குனிந்து பார்த்தான்.

கைக்குழியில், புளியங்கொட்டை அளவுக்கு, நைனாவின் முகம். கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தது.

வாய் நிறைய மண்.