ஆம்ப்ரோஸ் பெல்லின் சிரித்த முகம்

படத்தில் ஆம்ப்ரோஸின் வாய் நேற்று இருந்ததைவிட அகலமாக இருந்தது. கோவென்ட் கார்டன் சந்தையின் அழுகிய முட்டைக்கோஸ் வாடையும் நிலக்கரிப் புகையும் ஜன்னல் இடுக்கு வழியாக வந்து அடைத்துக்கொண்டிருந்த அந்த மாடி அறையில், கணவனின் கட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த கரிக்கோட்டுப் படத்தை ஹெஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். மேடையில் அவன் பல்லைக் காட்டினால் போதும், கொட்டகையே குலுங்கும். அந்தச் சிரிப்பைத்தான் ஓவியர் வரைந்திருந்தார். படம் வீட்டுக்கு வந்த அன்றே அதே சிரிப்பு அவன் முகத்தில் பூட்டிக்கொண்டது.

தூக்கத்திலும் இறங்கவில்லை. உதடு கூடவில்லை, பேச்சும் வரவில்லை. ஊட்டிய தண்ணீரெல்லாம் கடைவாய் வழியே தலையணைக்குத்தான் போனது. நாட்கணக்கில் ஒரு மடக்கு உள்ளே போகவில்லை.

வைத்தியர் வந்தார். பார்த்ததுமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடேயப்பா! போன வாரம் இவரைப் பாத்துச் சிரிச்சதுல எனக்குக் கோட்டுப் பொத்தானே தெறிச்சிடுச்சு. இப்ப வீட்லயே ஓசி நாடகமா?"

"ஐயா, நடிப்பு இல்லீங்க. தாகத்துல செத்துக்கிட்டு இருக்காரு. கண்ணைப் பாருங்க!"

"நீயும் நல்லாத்தாம்மா நடிக்கிற," என்றபடி படியிறங்கிவிட்டார். அந்த ஆளின் கழுத்தை நெரிக்கலாம்போல அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

கட்டிலில் வறண்ட மூச்சு இழுத்தது. அந்தப் பல்வரிசைக்கு மேலே கண்கள் மட்டும் அவளிடம் கெஞ்சின. படத்திலும் பல். இன்னும் நிறையப் பல். எரித்துவிடலாம்தான். கூடவே இவரும் எரிந்துவிட்டால்?

ஓவியர் பிசகிய கோடுகளை ரொட்டித் துணுக்கால் தேய்த்து அழித்தது அவளுக்கு நினைவு வந்தது. ஓடிப்போய் ரொட்டியைப் பிய்த்து உருட்டினாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. அழிச்சிடறேன்."

தேய்த்தாள். வலது ஓரம் மங்கியது. கட்டிலில் வலது கன்னம் தளர்ந்தது! சந்தோஷத்தில் மறுபடி தேய்த்தாள். பல். உதடு. அழுத்தித் தேய்த்தாள். காகிதம் வெளுத்தது.

"போயிடுச்சுங்க! சிரிப்பு போயிடுச்சு!"

தண்ணீர்க் கோப்பையை அவன் கையில் திணித்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தாள்.

மூக்குக்குக் கீழே தாடைவரை வழவழவென்று வெறும் தோல்.

ஆம்ப்ரோஸ் ஆவலாகக் கோப்பையைச் சாய்த்தான். தண்ணீர் தோலில் வழிந்து சட்டையை நனைத்தது. அவன் மறுபடியும் சாய்த்தான்.