துக்க மூடல்

ஒலிப்பலகையில் முதலில் கற்க வேண்டியது கையைக் கட்டிக்கொள்வது என்று, இதுவரை அதைப் பார்த்துவந்த ரெஜினா சொன்னாள்.

"எதைத் தொட்டாலும் நூத்தி நாப்பது வீட்டுக்காரங்க காதுல விழும், ஆன்ட்டி. மொதல்ல பாருங்க, அப்புறம் தொடுங்க."

மரகதம் சொன்னபடி கையைக் கட்டிக்கொண்டாள். குடியிருப்போர் சங்கத்துக் குலுக்கலில் அவள் பெயர் விழுந்திருந்தது. அடுத்த ஆறு மாதத்துக்கு வளாகத்தின் பலகை அவள் பொறுப்பு. ஐம்பத்திரண்டு வயதில் இதெல்லாம் தேவையா என்று மகள் கேட்டாள். தேவையில்லைதான், ஆனால் மறுத்தால் பொதுக்குழுவில் அரை மணி நேரம் காரணம் சொல்ல வேண்டும்.

ஊர் இரைச்சல் பொறுக்காமல் எல்லார் காதிலும் செவிமணி பதித்து இருபது வருடமாகிறது. வெறும் காதால் கேட்பவர் இப்போது யாருமில்லை. எதிரே நிற்பவர் பேசினாலும் அந்தக் குரலைச் சுவரில் உள்ள வாங்கிகள் பிடித்துப் பலகைக்கு அனுப்பும். பலகை விட்டால்தான் அது அடுத்தவர் செவிமணிக்கு வரும். இவ்வளவும் இமைப்பதற்குள் நடந்துவிடுவதால், நடுவில் ஒரு பலகை இருப்பதையே ஜனங்கள் மறந்துபோனார்கள்.

"வீட்டுக்கு ஒரு பட்டை," என்றாள் ரெஜினா. "மேல இருக்கிறது வரவுத் திருகு. குரல் எவ்வளவு உள்ள வரணும்னு இதுல வைக்கணும். செவப்பு எரிஞ்சா அதிகம். கீழ இருக்கிறது தள்ளுகோல், எவ்வளவு வெளிய போகணும்னு. ரெண்டையும் கொழப்பிக்காதீங்க, எல்லாரும் பண்ற தப்பு அதுதான்."

"இந்தப் பச்சை விளக்கு?"

"குரல் வருதுன்னு அர்த்தம். அதுக்குப் பக்கத்துல மூடு பொத்தான். மூடினா அந்த வீட்டுக்காரங்க குரல் லிஃப்ட்ல கேக்காது, கடைத்தெருவுலயும் கேக்காது. ஊர்ல இருக்கிற எல்லாப் பலகையும் நம்ம மூடலை மதிக்கும். ஆனா மூடினது அவங்களுக்கே தெரியாது, அவங்க குரல் அவங்களுக்குக் கேக்குமே. அதனால பாத்துப் பண்ணணும். சத்தமே வராத பட்டையை மட்டும் எப்பவும் மூடி வைங்க. சும்மா தொறந்து கெடந்தா இரைச்சல் வரும்."

"என் காதுக்கு வர்றதை நான் குறைச்சுக்கலாம் இல்லையா? வீட்டுல பண்றேனே."

"அது தன்செவிக் கலவை. அவங்கவங்க விருப்பம். அதுல நாம கை வைக்கவே முடியாது."

பலகைக்கு நான்கு பக்கங்கள். ஒரு பக்கத்துக்கு நாற்பது பட்டை; பொத்தானை அழுத்தினால் அடுத்த நாற்பது வந்து நிற்கும். மூன்று பக்கங்களைப் பொறுமையாகக் காட்டிய ரெஜினா நான்காவதைக் காட்டவில்லை. "காலி வீடுங்க. துக்க மூடல் போட்ட வீடுங்களும் அங்கதான் போகும். நானே போனதில்ல," என்று சொல்லிவிட்டுக் குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பினாள்.

தனியாக இருந்தால் மரகதத்துக்குக் கை சும்மா இருக்காது. நான்காம் பக்கத்தை அழுத்தினாள்.

மூடு பொத்தான்கள் வரிசையாகச் சிவந்திருந்தன. எல்லாம் மூடியவை. அவற்றில் ஒன்றில் மட்டும் பச்சை விளக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பட்டையின் பெயர் சி-12.

சி-12 பூங்கோதையின் வீடு. இரண்டு வருடத்துக்கு முன் பூங்கோதையின் கணவர் இறந்த அன்றுதான் மரகதத்தின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் அழுகுரல் கேட்டு முகம் சுளிக்கக் கூடாதே என்று, சங்க விதிப்படி பதினாறு நாள் துக்க மூடல் கேட்டு விண்ணப்பித்தவள் மரகதம்தான். விதியில் தவறில்லை. பதினாறாம் நாள் திறக்க வேண்டிய பொறுப்பாளர் பத்தாம் நாளே மாறிப்போனார். அடுத்து வந்தவர் யாரும் நான்காம் பக்கத்தைத் திருப்பவில்லை.

இரண்டு வருடம் ஒரு மனுஷி ஊமையாக்கப்பட்டிருந்தும் யாருக்கும் உறைக்கவில்லையே என்றால், உறைக்காததற்கு ஆளுக்கொரு காரணம் தயாராக இருந்தது. கணவர் போனபின் பேச்சை விட்டுவிட்டாள் என்றார்கள் பலர். பிள்ளைகுட்டி இல்லை, தனியாகப் புலம்புகிறாள் என்றார்கள் சிலர். மரகதத்திடமும் ஒரு காரணம் இருந்தது: அன்றைக்கே விசேஷம் வைத்த கோபத்தில் சிநேகிதி தன்னோடு பேசுவதில்லை. லிஃப்டில் பூங்கோதையின் உதடுகள் அசையும்போதெல்லாம் சபிக்கிறாள் என்று நினைத்து மரகதம் தரையைப் பார்த்துக்கொள்வாள்.

பட்டையில் முன்கேள் என்று ஒரு பொத்தான். மூடிய பட்டையில் வருவதைப் பொறுப்பாளர் மட்டும் கேட்கலாம். மரகதம் அழுத்தினாள்.

"...அதோ, மரகதம் வீட்டு மாடியில துணி காயுது. மழை வர்ற மாதிரி இருக்கு. எடுக்கச் சொன்னா எடுக்கவா போறா? மரகதம், துணிய எடுடீ."

பழைய குரல்தான். கோபம் துளியும் இல்லை. மரகதம் மூடு பொத்தானைத் தட்டித் திறந்தாள். படிக்கட்டில் ஓடினாள்.

கதவைத் திறந்த பூங்கோதை மெலிந்திருந்தாள். மரகதம் வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். நான்தான் எழுதிக் கொடுத்தேன், திறக்க மறந்துவிட்டார்கள், நீ கோபமாக இருக்கிறாய் என்று நினைத்தேன், மன்னித்துவிடு. பூங்கோதை அவள் உதடுகளையே பார்த்தபடி நின்றாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"என்னென்னமோ சொல்றே," என்றாள் கடைசியில். "எனக்குத்தான் ஒண்ணும் கேக்கல. பதிலே வராத எடத்துல காதை எதுக்குத் தொறந்து வைக்கணும்னு போன வருஷமே என் கலவையில எல்லாரையும் அடியோட கொறச்சுட்டேன்."

பூங்கோதை தன் செவிமணியைத் தட்டிக் காட்டினாள்.

"நீங்களும் அப்படித்தான் என்னைக் கொறச்சு வச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்டீ. அதுல வருத்தமில்ல. கேக்காதவங்க எப்படிப் பதில் சொல்லுவாங்க? அப்படி நெனச்சுத்தான் நாளைத் தள்றேன்." சிரித்தாள். "கேக்காதுன்னு தெரிஞ்சும் வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. சாப்பிட்டியா?"

மரகதம் தலையாட்டிவிட்டாள். இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் தலை தானாக ஆடிவிட்டது.

பூங்கோதையின் சிரிப்பு நின்றது. ஓரடி பின்னால் போனாள்.

"உனக்குக் கேக்குதா?"

மரகதம் இல்லை என்று தலையாட்டினாள். அதுவும் பதிலாகிப் போனது. பிறகு ஆமாம் என்றாள், இன்றைக்குத்தான் என்றாள், கையை ஆட்டினாள், காதைத் தொட்டுக் காட்டினாள். ஒவ்வொன்றும் அவளை இன்னும் குற்றவாளியாக்கியது.

"அப்போ இவ்வளவு நாளும் கேட்டுட்டுத்தான் இருந்தீங்களா?" என்றாள் பூங்கோதை மெதுவாக. "லிஃப்ட்லயும்?"

கதவு சாத்திக்கொண்டது.

மரகதம் சீட்டு எழுதிக் கதவுக்கடியில் தள்ளினாள். ஒரு வாரமாகியும் அதன் முனை வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. காலையில் வைக்கும் பால் மட்டும் உள்ளே போகிறது.

பொறுப்பை முறைப்படி ஒப்படைக்க வந்த ரெஜினா, இந்த முறை நான்கு பக்கங்களையும் திருப்பிப் பார்த்தாள். சி-12இல் விரலை வைத்தாள்.

"இது தொறந்து கெடக்கே, ஆன்ட்டி. விளக்கு அசையவே இல்ல பாருங்க. சத்தம் வராத பட்டை, மூடிடவா?"

மரகதம் அந்தப் பொத்தானின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"இருக்கட்டும்," என்றாள். நூற்று நாற்பது வீட்டுக்காரர்கள் காதிலும் சி-12இன் கதவு சாத்திய நாளிலிருந்து மெல்லிய ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எங்கிருந்து வருகிறது என்று புகார் மேல் புகார் வருகிறது. மரகதம் எதற்கும் பதில் சொல்வதில்லை.